மேடையில் கேட்ட மன்னிப்பு

என் ஆசை நைனாவுக்கு,

நீ இல்லாத முதல் திருவிழா முடிந்துவிட்டது. கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றியாயிற்று, பந்தலைப் பிரித்தாயிற்று. மேடைக்குப் போட்ட பலகைகள் மட்டும் மீன் ஏலம் விடும் கொட்டகைக்குப் பக்கத்தில் இன்னும் கிடக்கின்றன. உனக்கு முதலில் என்ன தெரிய வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? நாடகம் நடந்தது. மாறவேலன் வேஷத்தை உன் மருமகன், என் வீட்டுக்காரர் சேகர் கட்டினார். நன்றாகவே அழுதார். ஆனால் உன் அளவுக்கு இல்லை. இதைக் கேட்டதும் நீ மீசையை ஒரு தரம் தடவிக்கொள்வாய், அதுவும் தெரியும்.

நம் குப்பத்தை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீ பொறுத்துக்கொள். உனக்குத்தான் அது தலைகீழ்ப் பாடம் ஆயிற்றே.

மாறவேலன் இந்தக் கரைக்கெல்லாம் தலைவன். செங்கமலம் அவன் மனைவி. கல்யாணம் முடிந்து அவன் கடலுக்குப் போகிறான், வலை காலியாக வருகிறது. மறுபடி போகிறான், மறுபடியும் காலி. மூன்றாவது முறையும் ஒரு மீன் இல்லை. ஆண்பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது வீட்டுக்காரி ஊர் எல்லையைத் தாண்டாமல் ஒழுங்காக இருந்தால் மீன்பாடு இருக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சட்டம். அவன் கரையேறுகிறான். அவளிடம் ஒரு கேள்வி கேட்கவில்லை. கத்தியை எடுக்கிறான். அவள் விழுந்த பிறகு ஒரு ஆள் ஓடிவந்து சொல்கிறான்: ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்கிறது, அதனால்தான் மீன் வரவில்லை என்று.

முகத்துவாரம் அடைத்தால் மீன் வராது என்பது பழவேற்காட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதனால்தான் மாறவேலன் கத்தியை எடுக்கும்போதெல்லாம் முன்வரிசைப் பொடிசுகள் "யோவ், முகத்துவாரத்தப் பாருய்யா!" என்று கத்தும். இந்த வருஷம் ஒருத்தன் "ஜேசிபி அனுப்புய்யா!" என்றான். ஊரே சிரித்தது. கரைக்கெல்லாம் தலைவனாக இருந்தவனுக்கு மட்டும் அது ஏன் தோன்றவில்லை என்று நாம் யாரும் கேட்டதில்லை.

பிறகு வரும் அவன் புலம்பல். அதற்காகத்தான் ஆரம்பாக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். நீ உட்கார்ந்து அழுவாய், எழுந்து அழுவாய், மார்பில் அடித்துக்கொண்டு மேடையைச் சுற்றி வருவாய். ஆர்மோனியக்காரர் கை ஓய்ந்தாலும் நீ ஓய மாட்டாய்.

மணலடைச்ச வாசலுக்கு மனைவிமேல பழிபோட்டேன்
கடலறிஞ்ச பாவிமகன் கட்டினவளை அறியலையே

இந்த இடத்தில் கூட்டத்தில் உள்ள பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்முவார்கள். நானும்தான். எல்லோரும் அழுதது உனக்காக. செத்துக் கிடப்பவள் மேடையின் ஒரு ஓரத்தில் கிடப்பாள். பெருமாள் மாமாதான் எப்போதும் அந்த வேஷம். அவளுக்கு முழு நாடகத்திலும் ஒரே ஒரு பாட்டு, கரையில் நின்று காற்றைக் கூப்பிடுகிற பாட்டு. சாகும்போது ஒரு வரி வசனம்கூடக் கிடையாது. அவள் செத்த கதைக்கு ஊர் வைத்த பெயர் மாறவேலன் நாடகம்.

கடைசியில் அந்தச் சடங்கு. மேடையிலே என்றாலும் சுமங்கலியைக் கொன்ற பாவம் வேஷம் கட்டியவனின் வீட்டைத் தொடும் என்பார்கள். அதனால் அவனுடைய நிஜ மனைவி படியோரத்திலிருந்து மேடையேறி, புதுப் புடவை ஒன்றைச் செங்கமலத்தின் மேல் போர்த்த வேண்டும். ஒரு வார்த்தை பேசக் கூடாது. போர்த்திவிட்டால் பொம்பளை மன்னித்துவிட்டாள், அவன் தைரியமாகக் கடலுக்குப் போகலாம். நீ வேஷம் கட்டிய அத்தனை வருஷமும் அம்மா அப்படி ஏறி இறங்கினாள்.

நீ கண்ணை மூடிய பிறகு ஊர்த் தலைவர் தாம்பூலத் தட்டோடு வீட்டுக்கு வந்தார். அம்மா கதவோரமாக நின்றிருந்தாள்.

"ஆம்பளப் புள்ள இல்லாத ஊடு. வேஷம் மருமவனுக்குத்தான் வரணும்" என்றார். சேகருக்கு முகமெல்லாம் பல். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்கம்மா இனிமே மேடையேறக் கூடாது. நீதாம்மா போத்தணும்" என்றார். அம்மா அங்கே நிற்கிறாள் என்பதே அவருக்கு உறைத்ததாகத் தெரியவில்லை.

உனக்குத் தெரியும், நான் பொன்னேரியில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். ஜீவனாம்ச மனு, விவாகரத்து மனு என்று நாள் முழுக்க அடிக்கிறேன். 'மனுதாரரின் நடத்தையில் சந்தேகம் கொண்டு' என்கிற வரியை மட்டும் பார்க்காமலே அடிப்பேன், அத்தனை பழக்கம். பையனுக்கு மார்க் குறைந்ததற்கும் சந்தேகம், கடையில் வியாபாரம் படுத்ததற்கும் சந்தேகம். பகலெல்லாம் அதை அடித்துவிட்டு வந்து சாயங்காலம் மேடையேறி எப்படிப் போர்த்துவது?

சேகரிடம் சொன்னேன். போர்த்த மாட்டேன் என்று.

"நீ போத்தலன்னா நான் எப்புடி கடலுக்குப் போவேன்?" அவர் கோபப்படவில்லை நைனா, பயந்தார். "ஒரு அலை தூக்கிப் போட்டாக்கூட எனுக்கு அதே நெனப்பா இருக்கும். மேடைலதானே கொல்றேன், நெசமாவா?"

"அதான் நானும் கேக்கறேன். நீ வேஷம் கட்டிக்கினு கொல்ற. பெருமாள் மாமா வேஷம் கட்டிக்கினு சாவறாரு. நான் மட்டும் இன்னாத்துக்கு வேஷம் இல்லாம வந்து நெசமா மன்னிக்கணும்?"

அதன் பிறகு சில நாள் வீட்டில் தட்டு வைக்கிற சத்தம் மட்டும்தான் கேட்டது. கடலுக்குப் போகிறவர் பயத்தோடு படுத்துத் தூங்குவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது எனக்கு மட்டும் லேசாகவா இருந்தது? ஒரு புடவைதானே, போர்த்தித் தொலைத்தால் என்ன என்றுகூட நினைத்தேன்.

இதற்கிடையில் ஒத்திகை. இந்த வருஷம் பத்து மணிக்கெல்லாம் மைக்கை நிறுத்தச் சொல்லி போலீசில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். விடிய விடிய நடந்த நாடகத்தை வெயில் சாயும்போதே தொடங்கி முடிக்க வேண்டும். நாடக வாத்தியார் உட்கார்ந்து எதை வெட்டலாம் என்று யோசித்தார். எதை வெட்டினார் தெரியுமா? செங்கமலத்தின் பாட்டை. மாறவேலன் புலம்பலில் ஒரு அடி குறையவில்லை.

பெருமாள் மாமா ஐஸ் பேக்டரி வேலைக்கு லீவு போட்டு, ஆசையாக வளர்த்த மீசையை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "எனுக்கு இருக்கறது ஒரே ஒரு பாட்டு. அதையும் வெட்டிட்டு, வந்தோமா செத்தோமான்னு போவச் சொல்றீங்க. இதுக்கா மீசைய எடுத்தேன்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியாரும் சிரித்தார். பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன். "எப்புடிம்மா வருஷா வருஷம் போய் மன்னிச்ச?"

அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மன்னிக்கவா? நான் இன்னா அம்மனா? பெருமாளு மேல கொசு அப்புடி மொய்க்கும். செத்தவன் எப்புடி சொறிஞ்சிக்குவான், பாவம். போத்திட்டு வருவேன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றதும், உரித்த இறாலைத் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னாள்.

"ஆனா உங்க நைனா அந்தப் பாட்டு பாடுவாரே, கட்டினவள அறியலையேன்னு. அப்ப நான் புடவைய வெச்சிக்கினு படியாண்ட நிப்பேன். அது எனுக்குத்தான் சொல்றாருன்னு வெச்சிக்குவேன். வருசத்துக்கு ஒருவாட்டி."

நைனா, உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நான் பொன்னேரியில் காலேஜ் ஹாஸ்டலில் காய்ச்சலில் கிடந்தேன். நீ கடலில் இருந்தாய். அம்மா ரசம் வைத்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தாள், என் தலையைத் துடைத்துப் பின்னிவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினாள். அன்றைக்கு உன் வலை கிழிந்தது. வாசலிலேயே நிறுத்தி வைத்துக் கேட்டாயாம். "எங்கடி போன? நான் கடல்ல கெடக்கறேன், நீ எல்லையத் தாண்டறியா? வலை போனது யாரால?" தெருவே கேட்டதாம்.

மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அம்மா மீஞ்சூர் வரைக்கும் போவாள். அப்போதெல்லாம் எல்லை எங்கே இருந்தது? மீன் விற்கப் போனால் தாண்டாத எல்லையை, மகளைப் பார்க்கப் போனால் மட்டும் எப்படித் தாண்டினாள்?

தண்ணீருக்கடியில் ஏதோ பழைய மரம் கிடந்திருக்கிறது. அங்கே போட்ட எல்லா வலையும்தான் கிழிந்தது. மறுநாளே கரையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள், நீயும் அங்கே நின்றிருந்தாய். நீ கை ஓங்குகிற ஆள் இல்லை. குடித்துவிட்டு வந்து கத்துகிற ஆளும் இல்லை. எனக்குப் பேனா வாங்கிக்கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டு, பஸ் போனபிறகும் நின்று பார்க்கிற ஆள். அப்படிப்பட்ட நீ வீட்டுக்கு வந்து, தப்பாச் சொல்லிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா சோறு போட்டாள், நீ சாப்பிட்டாய். வலை தைக்கிற வேலை வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வருஷத் திருவிழாவில்தான் நீ அழுதது சரித்திரமாயிற்று. இன்னும் பேசுகிறார்கள். அந்த வருஷம் மாறவேலன் அழுகையைப் பார்த்து ஊர்த் தலைவரே துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். யாரிடம் அழுதாய் நைனா? புடவை கட்டி மஞ்சள் பூசிய பெருமாள் மாமாவிடமா? ஊரிடமா? இல்லை, படியோரம் நின்றவளிடமா? வீட்டில் ஒரு வார்த்தைக்கு வாய் வராதவனுக்கு அங்கே மட்டும் எப்படி அத்தனை வார்த்தை வந்தது?

நான் பெருமாள் மாமாவிடமே கேட்டுப் பார்த்தேன். "மாமா, அந்த வரி பாடறப்ப நைனா யாரப் பாப்பாரு? அம்மாவப் பாப்பாரா?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "செத்துக் கெடக்கறவன் கண்ணத் தொறந்து எப்புடிம்மா பாக்கறது?" என்றார்.

ஆக, அதைச் சொல்லக்கூடியவன் நீ ஒருத்தன்தான். நீயும் போய்விட்டாய்.

நாடகத்துக்கு முந்தின நாள் சேகரிடம் ஒரு முடிவு சொன்னேன். "புடவை வாங்கித் தரேன். படி வரைக்கும் எடுத்தாறேன். அதுக்கு மேல வரமாட்டேன். கொன்னது நீ. நீயே போத்து." அவர் "எனுக்குப் போத்தத் தெரியாதே" என்றார்.

அம்மா முதல் முறையாக முன்னால் பாயில் உட்கார்ந்து நாடகம் பார்த்தாள். செங்கமலம் விழுவதை அவள் இதுவரை பக்கவாட்டில் நின்றுதான் பார்த்திருக்கிறாள். நான் படியருகே புடவையோடு நின்றேன், அவள் நின்ற அதே இடத்தில். சேகர் கத்தியை எடுத்தார், பொடிசுகள் கத்தின, பெருமாள் மாமா விழுந்தார். புலம்பல் ஆரம்பித்தது. சேகர் குரல் நல்ல குரல்தான். கட்டினவளை அறியலையே என்று இழுத்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது, என் புத்தியை என்ன சொல்ல.

பாட்டு முடிந்தது. மத்தளம் நின்றது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. ஊர்த் தலைவர் கையை ஆட்டி ஆட்டி ஏறு ஏறு என்றார். சேகர் நடுமேடையில் நின்று என்னைப் பார்த்தார், பிறகு கீழே கிடந்தவரைப் பார்த்தார். மேடை நடுவிலிருந்து படிக்கு எத்தனை தூரம் இருந்துவிடப்போகிறது? அதைக் கடக்க அவருக்கு அத்தனை நேரமாயிற்று. வந்து என் கையிலிருந்து புடவையை வாங்கினார். கிரீடத்தோடு குனிந்து போர்த்தினார். மடிப்பைப் பிரிக்கத் தெரியவில்லை, முகத்தை மூடினால் கால் தெரிந்தது, காலை மூடினால் முகம் தெரிந்தது. பின்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தி மட்டும் கேவிக் கேவி அழுதாள். தலைவர் எழுந்து போய்விட்டார். புடவைக்குள்ளிருந்து பெருமாள் மாமா, "எப்புடியோ போத்துடா, கொசு புடுங்குது" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

அப்போதுதான் அம்மா உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். அம்மா கொல்லைப்புறத்தில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மைக்கில் மங்களம் பாடுவது அங்கேயும் கேட்டது.

"ஏம்மா எழுந்து வந்துட்ட? சேகர் போத்தினதப் பாக்கலியா?"

"பாட்டு ஆரம்பிச்சதும் வந்துட்டேன்." கொஞ்ச நேரம் தேய்த்தாள். "அது அவன் உனுக்குச் சொல்றது. நான் இன்னாத்துக்கு ஒக்காந்து கேக்கறது? எனுக்குச் சொல்ற ஆளு போயாச்சு."

அவ்வளவுதான் சொன்னாள் நைனா. அழவில்லை. எனக்குத்தான் அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றியது. வருஷத்துக்கு ஒரு தடவை, இன்னொருத்தியின் பிணத்தைப் பார்த்து நீ பாடிய பாட்டில் தன் பங்கைத் தானே பிரித்தெடுத்துக்கொண்டு ஒருத்தி உன்னோடு வாழ்ந்திருக்கிறாள். அது அவளுக்குத்தானா என்பதுகூட அவளுக்கு நிச்சயமில்லை. நீ உயிரோடு இருந்தபோது இது எனக்குத் தெரிந்திருந்தால் உன் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து அடுப்படியில் நிறுத்தியிருப்பேன்.

மற்ற சேதிகளையும் சொல்லிவிடுகிறேன். திருவிழா முடிந்து சேகர் முதல் முறை கடலுக்குப் போன அன்று நான் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுக் கரையிலேயே நின்றேன். பயந்துதான் நின்றேன். இத்தனை பேசிவிட்டு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. படகு திரும்பி வந்தது. மீன்பாடு நன்றாகவும் இல்லை, மோசமாகவும் இல்லை. வலை காலியாக வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார், ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருஷம் வேஷம் யாருக்கு என்று பஞ்சாயத்தில் பேசப்போகிறார்களாம். பேசட்டும்.

போன வாரம் மோட்டார் நின்றுபோய், இன்னொரு படகில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். நான் அன்றைக்குப் பொன்னேரியிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. சேகர் வாசலில் நின்றிருந்தார். "எங்க..." என்று ஆரம்பித்தார். அப்புறம் நிறுத்திக்கொண்டார். "மோட்டாரு ரிப்பேரு. பசிக்குது" என்றார். உள்ளேயிருந்து அம்மா இதைக் கேட்டாள். எழுந்து அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

நைனா, உன் சார்பில் நானே அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று ஒருநாள் தோன்றியது. நைனா பாடினது உனக்குத்தான்மா, எனக்கு நன்றாகத் தெரியும் என்று ஒரு பொய் சொன்னால் அவள் மனசு ஆறும் என்று நினைத்தேன். வாய் வரைக்கும் வந்தது. விட்டுவிட்டேன். அவள் என்னைப் பெற்றவள், பொய் சொன்னால் என் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். அதைவிட, நீ சொல்லாமல் விட்டதன் மேல் நானும் ஒரு புடவையைப் போர்த்தியது போல ஆகிவிடும்.

உன்மேல் எனக்கு இருக்கும் ஆசை ஒரு துளி குறையவில்லை. உன் குரலை நினைத்தால் இப்போதும் அழுகை வருகிறது. அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், இது உனக்குப் பிடிக்காது, ஆனாலும் தருகிறேன். நீ சொல்லாத வார்த்தையை, நீ சொன்னதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். அம்மாவிடமும் சொல்ல மாட்டேன். அது உன்னுடைய வார்த்தை. அவள் உன்னிடம் வந்து சேரும் நாளில், வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், அதை நீயே சொல்.

இப்படிக்கு,
உனக்கும் அம்மாவுக்கும் ஒரே மகள்,
தேவகி